ஆற்றங்கரை வரை இறங்க வேண்டாம்: காலை நடைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ராபின்சன் பூங்காவில் காலையில் சேர்ந்து நடக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அமெரிக்காவில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து டீக்கடையில் நின்றிருந்தபோது துறைமுக அண்ணன் செல்போனை எடுத்துக் காட்டினார். ஜூன் மாதம் அவரும் அண்ணியும் மகன் வீட்டுக்குப் போகிறார்கள், போஸ்ட் ஆபீஸ் அக்கா மகள் வீட்டுக்குப் போகிறார், நம் பெரியவர் பேரனைப் பார்க்கப் போகிறார். மூன்று குடும்பமும் அரிசோனாவில் ஒன்றுசேர்ந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போய், விடியற்காலையில் இறங்க ஆரம்பித்து, மதியம் கொலராடோ ஆற்றில் கால் நனைத்துவிட்டு, சாயங்காலம் மேலே வந்துவிடுவதாகத் திட்டம். எல்லோரும் கைதட்டினீர்கள். "வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவங்க நாம, இது இறங்குறதுதானே" என்று அண்ணன் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் சரியாகத் தூக்கமும் வரவில்லை.

நான் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வழி இறங்கி ஏறியவள். இரண்டு வருடத்துக்கு முன்பு, மே கடைசியில். திரும்பி வந்து உங்களிடம் படங்களைத்தான் காட்டினேன். சிவப்புப் பாறை, நீல வானம், நானும் மகளும் சிரித்துக்கொண்டு நிற்பது. திரும்பி ஏறும்போது வழியில் ஒரு கல் மண்டபத்தில் ஐந்து மணி நேரம் சுருண்டு கிடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் இந்தத் திட்டம் உங்களுக்கு இவ்வளவு சுலபமாகத் தெரிந்திருக்காது. அந்தத் தப்பு என்னுடையது. இந்த வருடமும் தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை வரை போய் அன்றைக்கே திரும்பாதீர்கள். ஜூன் மாதத்தில் வேண்டவே வேண்டாம். இது என் பயம் மட்டும் இல்லை, கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவைக் காக்கும் ரேஞ்சர்களே பாதை தொடங்கும் இடத்தில் பலகை வைத்துச் சொல்வது. வருடத்துக்கு 250 பேருக்கு மேல் அங்கிருந்து மீட்கப்படுகிறார்கள். அதில் பலர் நம் பிள்ளைகள் வயதில் இருக்கும் திடகாத்திரமான இளைஞர்கள். 2004 ஜூலையில் 24 வயது மருத்துவ மாணவி ஒருவர் அங்கே இறந்துபோனார். அதே வருடம் பாஸ்டன் மராத்தானை மூன்று மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான நேரத்தில் ஓடி முடித்தவர் அவர். அந்த உடம்புக்கே அங்கே அப்படி ஆனது.

கிராண்ட் கேன்யனுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இறங்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. எவ்வளவு தூரம், எந்த நேரத்தில், கையில் எதை வைத்துக்கொண்டு என்பதுதான் விஷயம். நமக்குத் தெரிந்த மலையும் நமக்குத் தெரிந்த வெயிலும் அங்கே நமக்கு உதவாது. உதவாது என்பதைவிட, தப்பான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

முதலில் மலை. வெள்ளியங்கிரி ஆகட்டும், நான் ஏறிய பர்வதமலை ஆகட்டும், நாம் கீழேயிருந்து ஏறுகிறோம். முதல் மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும், கெண்டைக்கால் இழுக்கும், நம்மால் முடியுமா முடியாதா என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். பர்வதமலையில் கடப்பாறைப் படி வருவதற்கு முன்பே எத்தனை பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள், பார்த்திருக்கிறீர்கள். முடியாவிட்டால் திரும்பலாம், திரும்பினால் இறக்கம்தான், வீடு கீழே இருக்கிறது. கிராண்ட் கேன்யனில் எல்லாம் தலைகீழ். வண்டியை நிறுத்தும் இடம்தான் உச்சி. அங்கிருந்து சறுக்குகிற மாதிரி இறங்குகிறோம், காலைக் குளிர், காற்று, புதுத் தெம்பு, கால் தானாகப் போகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உடம்பு எச்சரிக்கவே எச்சரிக்காது, ஏனென்றால் அதற்கு இன்னும் வேலையே வரவில்லை. கால் ஓய்ந்து, தண்ணீர் பாதியாகி, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மலை ஏறுவதே ஆரம்பமாகிறது. இறங்குவது உங்கள் விருப்பம், ஏறுவது கட்டாயம் என்று அங்கே சொல்வார்கள். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறார்கள்.

அளவு சொல்கிறேன். பிரைட் ஏஞ்சல் பாதை வழியாகப் போனால் ஆற்றோரம் இருக்கும் முகாமுக்கு 15 கிலோமீட்டர். அங்கிருந்து திரும்பி ஏற வேண்டிய உயரம் 4,380 அடி. நம் பரங்கிமலை 300 அடி. பதினான்கு பரங்கிமலையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஏற்கெனவே 15 கிலோமீட்டர் இறங்கி முடித்த முட்டியோடு, அதன் மேல் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். சவுத் கைபாப் என்று இன்னொரு பாதை, தூரம் குறைவு, ஆற்றோர முகாம் வரை 11 கிலோமீட்டர்தான், ஆனால் இன்னும் செங்குத்து, வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. நாம் வாழ்வது கடல் மட்டத்தில். அங்கே விளிம்பே கடலிலிருந்து 2,100 மீட்டருக்குமேல் உயரம், கொடைக்கானல் மாதிரி. ஏற ஏற மூச்சு இன்னும் கஷ்டப்படும்.

அடுத்தது வெயில். இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். "நமக்குத் தெரியாத வெயிலா" என்று நாம் எல்லோருமே சொல்வோம், கத்திரி வெயிலில் மிண்ட் தெருவில் நடந்து சாமான் வாங்கி வருகிறவர்கள் நாம். ஆனால் நம் ஊர் வெயில் கசகசக்கிற வெயில். கடல் பக்கத்தில் இருக்கிறது, காற்றில் ஈரம், வியர்வை காயாது, சட்டை முதுகில் ஒட்டும், துண்டால் துடைத்துக்கொண்டே இருப்போம். எவ்வளவு வியர்த்தது என்று கண்ணுக்குத் தெரியும், அதனால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். மதியம் கடல் காற்று உள்ளே வந்ததும் கொஞ்சம் ஆசுவாசமும் கிடைக்கும். மே மாதத்தில் காசிமேட்டுக்காரர்களும் திருவொற்றியூர்க்காரர்களும் அந்தக் காற்றை நம்பித்தானே இருக்கிறோம்.

அங்கே அது பாலைவனக் காற்று. ஈரமே இல்லை. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. நான் இறங்கிய மூன்று மணி நேரமும் எனக்கு வியர்க்கவே இல்லை என்றுதான் நினைத்தேன், மகளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். பிறகு பார்த்தால் சுடிதார் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு, கன்னத்தைத் தொட்டால் உப்பு நறநறவென்று கையில் வருகிறது. லிட்டர் கணக்கில் போயிருக்கிறது, ஒரு துளியைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

இன்னொன்று, மலை ஏறினால் குளிரும் என்று நமக்குத் தெரியும், அதே கணக்கில் பள்ளத்தில் இறங்கினால் சுடும் என்று யோசிப்பதில்லை. வறண்ட காற்று 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1 டிகிரி சூடாகிறது. ஜூலையில் தெற்கு விளிம்பில் சராசரி உச்ச வெப்பம் 29 டிகிரி, காலையில் ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும், அதே நாளில் ஆற்றங்கரையில் உச்சம் 41. ஜூனில் இரண்டு மூன்று டிகிரி குறைவு, அவ்வளவுதான். இது நிழலில் எடுத்த கணக்கு, வெயிலில் நடக்கிறவருக்கு இன்னும் அதிகம். சுற்றிலும் பாறை, அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து நம்மேல் திருப்பி அடிக்கும், கடல் காற்று என்று ஒன்று வந்து காப்பாற்றாது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பாதையில் நடக்காதீர்கள் என்று கோடைக்காலத்தில் அங்கே சொல்வது இதனால்தான். உங்கள் திட்டத்தில் நீங்கள் ஏறும் நேரத்தில் பெரும்பகுதி அந்த 10க்கும் 4க்கும் நடுவில்தான் வருகிறது அண்ணே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஆற்றுக்குப் போக நினைக்கவில்லை, பாதி வழியில் இருக்கும் ஹவசூபாய் கார்டன்ஸ் வரைதான், போக 7.2 கிலோமீட்டர், வர 7.2 கிலோமீட்டர். புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டு புறப்பட ஏழரை ஆகிவிட்டது. அதுவே முதல் தப்பு. பத்தரைக்கு அங்கே சேர்ந்தோம். வறண்ட பாறை நடுவில் ஒரு சின்ன ஓடை, காட்டன்வுட் மரங்கள், இலை சலசலக்கிற சத்தம், அப்படி ஒரு இடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஹவசூபாய் என்ற பூர்வகுடி மக்கள் பயிர் வைத்துப் பிழைத்த தோட்டம் அது. தேசியப் பூங்கா வந்தபிறகு அவர்களை அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள், 2022ல்தான் அந்த மக்களின் பெயரையே அந்த இடத்துக்கு வைத்தார்கள். மகள் இதைச் சொன்னபோது நம் பக்கத்திலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் மேலே போய்விடலாம் என்று பதினொரு மணிக்கே ஏற ஆரம்பித்தோம். ஜேக்கப்ஸ் லேடர் என்று வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும் ஒரு பகுதி. எனக்குப் பசியே இல்லை, புளியோதரையைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தேன், நிறையக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு. முதலில் விரல்கள் வீங்கின, மோதிரம் இறுகியது. அப்புறம் குடலைப் புரட்டியது. அப்புறம் மகள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேனாம், எனக்கு அது நினைவில் இல்லை. மூன்று மைல் மண்டபத்துக்கு என்னை மருமகன் கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தார்.

அங்கே ஒரு ரேஞ்சர் அம்மா இருந்தார். எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்பதோடு நிற்காமல், "என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள்" என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னதும் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிவைத்துவிட்டு, உப்பு பிஸ்கட்டைக் கொடுத்து மெதுவாக மெல்லச் சொன்னார். வியர்வையில் உப்பு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் உள்ளே ஊற்றினால் ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துப்போகிறது, மூளைவரை பாதிக்கும், உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். என் துப்பட்டாவை நனைத்து தலையிலும் கழுத்திலும் போட்டார். நம் ஊரில் ஈரத் துணி போட்டால் புழுக்கம்தான் அதிகமாகும். அங்கே இரண்டு நிமிடத்தில் ஏசி போட்டது போலக் குளிர்ந்தது, பத்து நிமிடத்தில் துணி காய்ந்தும் போனது, மறுபடி நனைத்தோம். மாலை 5 மணி வரை நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீதி ஏற்றத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, விளிம்புக்கு வரும்போது இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. மருமகன் செல்போன் டார்ச்சில்தான் கடைசி வளைவுகள். முகம் தெரியாத அந்த அம்மாவை இன்றைக்கும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறேன்.

வெட்கமாக இருந்தது எதற்கென்றால், இந்த உப்பு விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. காசிமேட்டில் வெயிலில் கூடை தூக்குகிறவர் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலை செய்வாரா? பழைய சோற்றை உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, மதியம் உப்புப் போட்ட மோர், தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது கருவாடு. என் அப்பா சைக்கிள் வண்டி மிதித்தவர், அவரும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே பார்த்ததை, தேசம் மாறியதும் மறந்துவிட்டேன். எனவே முறுக்கு, காராசேவு, உப்புக் கடலை இதையெல்லாம் ஆசைக்கு எடுத்துப்போவதாக நினைக்காதீர்கள், மாத்திரை மாதிரி அரை மணிக்கு ஒருமுறை பசிக்கிறதோ இல்லையோ வாயில் போடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு நான்கு. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததா, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள், மீதி இரண்டு பங்கு ஏறுவதற்கு.

பாதையில் குழாய்த் தண்ணீர் இருக்குமே என்று அண்ணன் சொன்னார். பிரைட் ஏஞ்சல் பாதையில் சில இடத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் அலுமினியக் குழாய் 1960களில் போட ஆரம்பித்தது, அடிக்கடி உடைகிறது. நம் தெருவில் மெட்ரோ வாட்டர் வருமா வராதா என்று பார்ப்பது போல அங்கேயும் கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காவின் இணையதளத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால் நனைப்பது என்று சொன்னீர்கள். 1963ல் மேலே கிளென் கேன்யன் அணை வந்த பிறகு அந்தத் தண்ணீர் அணையின் ஆழத்திலிருந்து வருகிறது. 40 டிகிரி வெயிலில் நிற்கும்போதும் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும், இழுப்பும் அதிகம். சூட்டில் வந்தவர்கள் குளிக்க இறங்கி அடித்துப்போகப்பட்டிருக்கிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் நீஞ்சிப் பழகியவர் என்பதால் துறைமுக அண்ணனைத்தான் குறிப்பாகச் சொல்கிறேன், தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டீர்கள்.

இப்போது பெரியவருக்கு. ஐயா, உங்கள் ஆசை எனக்குத் தெரியும். பள்ளத்தாக்கின் அடியில் விஷ்ணு கோயில் இருக்கிறது, விஷ்ணு பாறை இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று சொன்னீர்கள். அங்கே இருப்பது கோயில் இல்லை ஐயா. கோபுரம் போல நிற்கும் ஒரு சிகரத்துக்கு விஷ்ணு டெம்பிள் என்று பெயர். பக்கத்தில் பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள், புத்தர் பெயரிலும் ஒன்று. 1880களில் அந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதிய கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் அந்த உருவங்களைப் பார்த்து கீழை நாட்டுக் கோயில்கள் ஞாபகம் வந்து இப்படிப் பெயர் வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்தார். அடியில் ஆற்றை ஒட்டி இருக்கும் கறுத்த பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர், அது உண்மை. வயது ஏறக்குறைய 170 கோடி வருடம். விளிம்பில் நாம் நிற்கும் சுண்ணாம்புக் கல்லுக்கு 27 கோடி வருடம். ஒவ்வொரு அடுக்காக இறங்குவது காலத்தில் பின்னால் போவதுதான், சிவப்பு, வெள்ளை, பச்சை கலந்த சாம்பல் என்று மாறிக்கொண்டே வரும். அதை அறுத்த ஆறு அந்தப் பாறைகளோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை, 50, 60 லட்சம் வருடம்தான் ஆகிறதாம்.

இவ்வளவு படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் கிடைத்தது. விஷ்ணு பாறையைத் தொட நீங்கள் ஓர் அடிகூட இறங்க வேண்டாம். மேலே விளிம்பிலேயே, யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து, காலத்தின் பாதை என்று ஒரு சமதளமான தார்ப் பாதை போகிறது. ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் வருடம். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பாறைத் துண்டு எடுத்துவந்து அதனதன் வயதுக்கு ஏற்ற இடத்தில் வைத்திருக்கிறார்கள், தொடலாம். 1,700 மீட்டர் தாண்டினால் விஷ்ணு ஷிஸ்ட் வந்துவிடும். நம் பூங்காவில் தினமும் நீங்கள் நடக்கும் தூரம்கூட இல்லை அது. நான் அந்தக் கல்லில் கை வைத்தேன் ஐயா. வெயிலில் இளஞ்சூடாக இருந்தது, உள்ளே மினுமினுவென்று அபிரகம். 170 கோடி வருடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் நிதானமாக நின்று கும்பிடலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

துறைமுக அண்ணனுக்கும் அங்கேயே ஒன்று இருக்கிறது. யாவபாய் முனையிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம் நூல் மாதிரி தெரியும். 1928ல் கட்டியது. ஒவ்வொரு முக்கியக் கேபிளும் 550 அடி நீளம், ஏறக்குறைய ஒரு டன் எடை. கோவேறு கழுதையில் ஏற்ற முடியாது. ஹவசூபாய் ஆட்கள் 42 பேர் வரிசையாக நின்று, ஒரே கேபிளைப் பாம்பு மாதிரித் தோளில் சுமந்துகொண்டு, அந்த வளைவுகளில் இறங்கினார்கள். நாற்பது வருடம் கிரேனும் கேபிளுமாக வாழ்ந்தவர் நீங்கள், அந்தக் கனம் எங்களைவிட உங்களுக்குத்தான் புரியும்.

சரி, அப்போது இறங்கவே வேண்டாமா? இறங்குங்கள். நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, வருடக்கணக்காக நாலரைக்கு எழுந்து பழகியவர்கள் நாம். ஜூனில் அங்கே ஐந்தே கால் வாக்கில் சூரியன் உதிக்கிறது. ஐந்துக்கே பாதையில் கால் வையுங்கள். சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை 2.4 கிலோமீட்டர், 1,100 அடிக்குக் கொஞ்சம் அதிகமான இறக்கம். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஏறினால் 10 மணிக்குள் மேலே வந்துவிடலாம். மூன்று பக்கமும் திறந்த இடம், பிரைட் ஏஞ்சலில் பாதி வழி போனதைவிட அங்கே பார்ப்பது அதிகம். அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்காவின் இலவச பஸ் விடியற்காலையிலேயே உண்டு. முட்டி வலி இருக்கும் போஸ்ட் ஆபீஸ் அக்கா ஊ ஆ பாயிண்ட் என்ற வளைவோடு நின்றுவிடலாம், 1.4 கிலோமீட்டர்தான், பெயரே அங்கே நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பதால் வந்ததாம். இறங்குவதில் முட்டியும் கால் கட்டைவிரலும்தான் அடிபடும், நகத்தை முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள், கையில் இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு போட்டு வந்தால் நானே வந்து சண்டை போடுவேன். கோவேறு கழுதைகள் வந்தால் பாறைச் சுவர் பக்கம் ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள். அணில் வந்து முறுக்கு கேட்கும், கொடுக்காதீர்கள், அங்கே மனிதர்களை அதிகம் கடிப்பது அதுதான்.

ஆற்றங்கரைக்குப் போயே தீரவேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர் மாதிரிக் காலத்தில், கீழே ஓர் இரவு தங்கி வாருங்கள். ஃபாண்டம் ராஞ்ச் என்று 1922ல் கட்டிய தங்குமிடம் இருக்கிறது, 15 மாதத்துக்கு முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இப்போதே பெயரைக் கொடுத்து வைக்கட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும்தான் எழுதுகிறேன். அப்பா அம்மாவுக்கு ஒரு பெரிய காட்சியைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, என் மகளுக்கும் அதே ஆசைதான். ஆனால் உங்கள் பெற்றோர் உங்கள் முன்னால் "முடியல" என்று சொல்ல மாட்டார்கள். நான் சொல்லவில்லை. மோதிரம் இறுகியபோதே சொல்லியிருக்கலாம், பிள்ளை லீவு போட்டுக் கூட்டி வந்திருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அதனால் அவர்களிடம் கேட்காதீர்கள், பாருங்கள். சாப்பிடுகிறார்களா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, சிறுநீர் போனார்களா என்று பாருங்கள். பெரும்பாலான இடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. ஹெலிகாப்டர் நினைத்தவுடன் வந்துவிடாது, சூட்டிலும் காற்றிலும் அதனால் பறக்க முடியாத நேரமும் உண்டு. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் குழுவில் நான்கு பேர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் இருவர், வெயிலில் மணிக்கணக்காக நடக்கப் போவதாக டாக்டரிடம் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள்.

துறைமுக அண்ணே, உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம், ஊரெல்லாம் படிக்கும்படி எழுதிவிட்டாளே என்று. வரட்டும். வருகிற ஞாயிறு பூங்காவில் நடக்க வேண்டாம், பெரம்பூர் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலைப் பிடித்துத் திருத்தணி போவோம். வழக்கம் போலக் கீழேயிருந்து ஏறப்போவதில்லை. மலைப் பாதையில் வண்டியிலேயே மேலே போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, 365 படியும் முதலில் இறங்குவோம். அப்புறம் ஏறுவோம். மறுபடி இறங்கி மறுபடி ஏறுவோம், நான்கு முறை. நான்காவது முறை ஏறும்போது உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, மேலே உட்கார்ந்து உங்கள் ஜூன் திட்டத்தை மறுபடி பேசலாம். முறுக்கும் மோரும் நான் கொண்டு வருகிறேன், நீங்கள் மாத்திரைச் சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் நடைத் தோழி